‘எழுத்து’ இல்லாத மனைவி

சட்டப்படி நான் அவருக்கு மனைவி இல்லை என்பது, அவருடைய மரணத்தைப் பதியப் போன அன்றுதான் எனக்கு உறைத்தது.

2023 நவம்பர். இங்கிலாந்தில் அப்போது மரணத்தை ஐந்து நாட்களுக்குள் பதிய வேண்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இறந்து நாலாம் நாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) பதிவகத்துக்குப் போனேன். பதிவாளர் தன்மையான பெண். ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்கினார். பெயர், பிறந்த ஊர், தொழில். யாழ்ப்பாணம் என்பதை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அப்புறம், நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார். மனைவி என்றேன். எந்த ஆண்டு, எங்கே திருமணம் என்றார். 2008இல், லண்டனில், கோயிலில் என்றேன். அன்றைக்குப் பதிவாளர் யாராவது வந்திருந்தாரா, பதிவேட்டில் இருவரும் கையெழுத்து வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவருடைய விரல்கள் கொஞ்ச நேரம் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

அன்று கையில் கொடுத்த மரணச் சான்றிதழில் ‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ‘தகுதி’ என்ற இடத்தில், ‘மரணத்தின்போது உடனிருந்தவர்’ என்று இருக்கிறது. பதினைந்து வருடம் ஒரே வீட்டில் சமைத்து, சண்டை பிடித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அந்தத் தாளில் கிடைத்த பெயர் அதுதான். பதிவாளர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சட்டத்தில் உள்ளபடி எழுதினார். ஆனால் அந்த வரியை வாசித்துவிட்டு வெளியே வந்தபோது, செத்தவீட்டில் அழுததைவிட அதிகம் அழுதேன்.

எங்கள் பக்கத்தில் பதிவுத் திருமணத்தை ‘எழுத்து’ என்று சொல்வோம். சிலருக்கு எழுத்து முதலில் முடிந்து, தாலி கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எழுத்து முடிந்தால் சட்டத்துக்கு மனைவி, தாலி ஏறினால் ஊருக்கு மனைவி. எங்களுக்கு இரண்டாவது மட்டும்தான் நடந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 2008இல் அவருக்கு விசா இல்லை, அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. 2005 முதல் 2011 வரை, விசாக் கட்டுப்பாட்டில் உள்ள ஒருவர் இங்கே பதிவகத்தில் திருமணம் செய்ய வேண்டுமென்றால் உள்துறை அமைச்சிடம் தனியாக அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வழக்கு நடக்கும்போது அமைச்சுக்கு இன்னொரு விண்ணப்பம் போடுவதற்கே பயந்தோம். ஐயர் நாள் பார்த்துக் கொடுத்தார், கோயிலில் நூறு பேர் முன்னால் என்னவர் தாலி கட்டினார். “விசா வரட்டும், எழுதுவம்” என்றார். 2010இல் விசா வந்தது. அதே வருடம் மகள் பிறந்தாள். அப்புறம் வாடகை, வேலை, மகன், பிள்ளைகளின் பள்ளி. எழுத்து என்பது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்ற ஒரு வேலையாகக் கிடந்தது. இந்த நாட்டில் என்னைப் போல எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கோயிலில் நடந்த கல்யாணம் எப்படிச் செல்லாமல் போகும் என்று பலர் என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். இடம்தான் இங்கே முக்கியம். ஒரு திருமணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுமா என்றுதான் பிரித்தானியா பார்க்கிறது. சென்னையில் ஒரு மண்டபத்தில் இந்து முறைப்படி தாலி கட்டியிருந்தால், அது இந்தியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம், ஆகவே இங்கேயும் திருமணம். அதே சடங்கை லண்டனில், திருமணம் பதிய அனுமதி இல்லாத கோயிலிலோ மண்டபத்திலோ, பதிவாளர் இல்லாமல் செய்தால், சட்டத்தின் கண்ணில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 1998இல் லண்டனில் ஒரு உணவகத்தில் நடந்த நிக்காஹ் பற்றிய வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இதைத்தான் சொன்னது. அது செல்லாத திருமணம்கூட இல்லை, திருமணம் என்ற வகைக்குள்ளேயே வராத சடங்கு. இங்குள்ள சில கோயில்களுக்குத் திருமணம் பதிய அனுமதி உண்டு. உங்களுடைய கோயிலுக்கு இருந்ததா, அன்றைக்கு நீங்கள் கையெழுத்து வைத்தீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். அந்த நேரத்தில் பணத்தைப் பற்றி நினைப்பதே பாவம் போல இருந்தது. ஆனால் வாடகை நாள் வந்தது.

பதிவகத்தில் ‘டெல் அஸ் வன்ஸ்’ என்ற சேவைக்கு ஒரு குறியீட்டு எண் தந்தார்கள். அதில் ஒருமுறை தெரிவித்தால் வரி, ஓய்வூதியம், ஓட்டுநர் உரிமம், கவுன்சில் என்று பெரும்பாலான அரசுத் துறைகளுக்கு மரணச் செய்தி போய்விடும். தம்பி உட்கார்ந்து செய்து முடித்தான். அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு ஏதாவது உரித்து, அதாவது உரிமையாகச் சேர வேண்டியது, இருந்தால் அவர்களே கடிதம் போடுவார்கள் என்று நினைத்தேன். அது என் முதல் தவறு. அந்தச் சேவை செய்தி சொல்லும், அவ்வளவுதான். உங்களுக்காக எந்த உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போடாது.

இரண்டாவது தவறு எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று நடந்தது. இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்த, பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த ஒரு பெரியவர் வந்திருந்தார். என் நிலையைக் கேட்டுவிட்டு, “எழுத்து இல்லாட்டி ஒண்டும் கிடையாது பிள்ளை. சும்மா அலையாதை” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் சொன்னது வெகுகாலம் உண்மையாகவும் இருந்தது. ஆனால் 2023 பிப்ரவரி 9ஆம் தேதி அது உண்மை இல்லாமல் போய்விட்டது, அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் கேட்கவே இல்லை. கேட்டால் மறுபடியும் யாரோ ஒருவர் முன்னால், எழுத்து இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த வெட்கத்திலேயே அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது, தைப்பொங்கல் போனது, ஈஸ்டர் விடுமுறையும் வந்துவிட்டது. விடுமுறை முடிந்து மகளின் பள்ளியில் நலன் பார்க்கும் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். மகள் மதியம் சாப்பிடுவதில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, துணையை இழந்தவருக்கான அரசுத் தொகைக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டார். நாங்கள் பதிவு செய்யவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சட்டென்று, “பிள்ளைகள் இருக்கிறார்களே, போன வருடமே சட்டம் மாறிவிட்டதே” என்றார்.

அந்தச் சட்டம் மாறியதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். அவர் பெயரைத் தமிழில் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஷிவோன் மெக்லாக்லின். ஜான் ஆடம்ஸ் என்பவரோடு இருபத்து மூன்று வருடம் வாழ்ந்து நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2014இல் ஜான் புற்றுநோயில் இறந்தபோது, பிள்ளைகளோடு தனித்துப்போன பெற்றோருக்கான உதவித்தொகை, மனைவி அல்ல என்ற காரணத்தால் இவருக்கு மறுக்கப்பட்டது. இவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2018 ஆகஸ்ட் 30 அன்று நீதிமன்றம் இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் திருமணம் செய்தார்களா இல்லையா என்பதற்காகப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்ப்பது மனித உரிமைக்கு மாறானது என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பிறகும் சட்டத்தைத் திருத்த நாலரை வருடம் ஆனது. நான் வாங்கிய ஒவ்வொரு பவுண்டும் அந்தப் பெண் கோர்ட்டுப் படி ஏறியதால் வந்தது.

அந்தத் திருத்தத்தில் இன்னொரு வாசலும் திறந்திருந்தது. 2018 ஆகஸ்ட் 30க்குப் பிறகு பிள்ளைகள் இருக்கும்போது துணையை இழந்தவர்கள், பழைய காலத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்றார்கள். அதற்கு ஒரு வருடம்தான் அவகாசம். 2024 பிப்ரவரி 8ஆம் தேதியோடு அந்த வாசல் மூடப்பட்டது. கொரோனா முதல் அலையில் கணவரை இழந்த, என்னைப் போலவே கோயில் கல்யாணம் மட்டும் செய்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். நான் ஏப்ரலில் இதைத் தெரிந்துகொண்டு அவருக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இரண்டு மாதம் பிந்திவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, தேநீர் ஊற்றித் தந்தார். அந்த மௌனத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தத் தொகையின் பெயர் ‘பிரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட்’. 2017 ஏப்ரல் 6 முதல் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், தொலைபேசியில் சொல்லலாம், ஜாப்சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பிஎஸ்பி 1 என்ற படிவத்தை வாங்கியும் நிரப்பலாம். நான் தொலைபேசியில் கேட்டேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், ஆனாலும் கேட்டேன். துக்கத்தில் தெரிந்த ஆங்கிலமும் ஓடிவிடும். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. படிவம் நிரப்பித் தர ஐம்பது, நூறு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

போனில் பேசிய பெண் முதலில் கேட்டது திருமணமா என்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் நடந்தது, பதிவு இல்லை என்றேன். “அப்படியானால் சேர்ந்து வாழ்ந்த துணை என்ற முறையில் பார்ப்போம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஐந்து மாதம் நான் பயந்த கேள்வி பத்து விநாடியில் முடிந்துவிட்டது. ஒன்று கவனியுங்கள், இங்கே மனைவி என்று குறிக்காதீர்கள். மனதால் மனைவிதான், ஆனால் படிவத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் சான்றிதழையும் கேட்பார்கள்.

பதிவு இல்லாத துணைக்கு உள்ள நிபந்தனை இதுதான். அவர் இறந்த நாளில் இருவரும் கணவன் மனைவி போல ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். அதோடு அந்த நாளில் உங்களுக்கு, பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் பெறும் உரித்து இருந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் கர்ப்பமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு சைல்ட் பெனிஃபிட் என் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது, அதனால் அந்த இடத்தில் சிக்கல் இல்லை. வீட்டில் ஒருவருக்குச் சம்பளம் அதிகம், வாங்கினாலும் வரியாகத் திரும்பப் போய்விடும் என்று சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் நம்மில் நிறைய. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, பணம் மட்டும் வேண்டாம் என்று குறிக்கலாம். உரித்து பதிவில் இருக்கும், பின்னால் தேடி அலைய வேண்டாம்.

பிள்ளை இல்லாத, பதிவு செய்யாத சோடிகளுக்கு ஒன்றுமே இல்லை. இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும் இல்லை. இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. சட்டம் பிள்ளைகளின் உரிமை என்ற வாசலால் திறந்ததால், பிள்ளை இல்லாதவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள்.

அடுத்தது இறந்தவரின் நாஷனல் இன்சூரன்ஸ், உழைப்பவர்கள் அரசுக்குக் கட்டும் சமூகக் காப்புறுதிக் கட்டணம். பார்ப்பது என்னுடையதை அல்ல, அவருடையதை. 1975 ஏப்ரல் 6க்குப் பிறகு ஏதாவது ஒரே ஒரு வரி ஆண்டில், குறைந்தது 25 வாரங்களுக்கு அவர் கட்டியிருந்தால் போதும். இந்த இடத்தில் என் நெஞ்சு படபடத்தது. விசா இல்லாத காலத்தில் அவர் செய்ததெல்லாம் கையில் காசு வாங்கும் வேலை. பெட்ரோல் ஷெட், கடை, இரவு வேலை. அதில் ஒரு பென்னிகூட அவர் பெயரில் பதிவாகவில்லை. பிறகு 2012இல் ஒரு கிடங்கில் சம்பளச் சீட்டோடு வேலை. அதில் இரண்டு வருடம் நின்றார். அப்புறம் சொந்தமாக டெலிவரி ஓட்டினார். அந்தக் கிடங்கு வேலையை அவருக்குப் பிடிக்காது. குளிர், இடுப்பு வலி, சம்பளமும் குறைவு. அதே வேலைதான் அவர் போன பிறகு எங்களைத் தாங்கியது. கையில் காசு கூடத் தருகிறோம் என்று சொல்லும் முதலாளியிடம் நிற்கும் தம்பிமார்களுக்கு இதை நான் கைபிடித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஒரு ஆண்டின் பதிவு உங்கள் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு.

வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்திலோ, வேலையால் வந்த நோயிலோ ஒருவர் இறந்திருந்தால் இந்த 25 வார நிபந்தனை இல்லாமலே கிடைக்கும். சொந்தத் தொழில் செய்பவர்கள் கட்டிய இரண்டாம் வகுப்புக் கட்டணமும் கணக்கில் வரும். உங்கள் பதிவு எப்படி இருக்கிறது என்று வரித்துறையின் இணையத் தளத்தில் உயிரோடு இருக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். அவருடைய எண்ணைக் கொடுத்ததும் மற்றதை அலுவலகமே பார்த்துக்கொண்டது, நான் பழைய பி60 என்ற வருடாந்தச் சம்பள, வரித் தாள்களைத் தேடி வைத்திருந்தும் அவை தேவைப்படவில்லை.

இறந்தவர் மட்டும் அல்ல, இருப்பவரையும் பார்க்கிறார்கள். துணை இறந்த நாளில் நீங்கள் அரசு ஓய்வூதிய வயதை எட்டியிருக்கக் கூடாது. பிரித்தானியாவிலோ, இத்தகைய தொகைக்கு ஏற்பாடு உள்ள நாட்டிலோ வசித்திருக்க வேண்டும். இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே பத்து வருடம் உழைத்து வரி கட்டிய ஒருவர் இறந்தால், ஸ்பொன்சர் செய்யக் காசு சேரட்டும் என்று ஊரில் காத்திருக்கும் அவருடைய மனைவிக்கு இது கிடைக்காது.

ஒன்றாக வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. கல்யாண அழைப்பிதழையும் ஆல்பத்தையும் அனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரிக் கடிதம், வங்கித் தாள், ஒரே முகவரியில் இரண்டு பேருக்கும் வந்த கடிதங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருந்தது பெரிய பலம். பதிவுத் திருமணம் இல்லையென்றால் தகப்பன் பெயர் தானாக ஏறாது, இருவருமாகப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். மகள் பிறந்தபோது இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்து வைத்தார். அவருடைய கையெழுத்து அந்தத் தாளில் கொஞ்சம் சாய்ந்து இருக்கும்.

கவுன்சில் வரியில் தனி ஆளுக்கு 25 விழுக்காடு கழிவு உண்டு என்று, கணவர் வீட்டில் இருக்கும்போதே தனியாக இருப்பதாகக் காட்டியவர்களை எனக்குத் தெரியும். அதே மாதிரித் தனித் தாய் என்று பெனிஃபிட் எடுப்பவர்களும் உண்டு. அவர் இறந்த பிறகு ஒன்றாகத்தான் வாழ்ந்தோம் என்று எந்த வாயால் சொல்வது? அன்று எழுதிக் கொடுத்த பொய் இந்த இடத்தில் வந்து நிற்கும், அதோடு பழைய பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். வீட்டுத் தாள்களில் இரண்டு பேர் பெயரையும் போடுங்கள்.

தொகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு முதலில் 3,500 பவுண்டு, அப்புறம் மாதம் 350 வீதம் 18 மாதம் வரை. முழுவதும் கிடைத்தால் 9,800. பதிவுத் திருமணம் செய்து, பிள்ளை இல்லாதவர்களுக்கு முதலில் 2,500, மாதம் 100. முழுவதையும் வாங்க மரணத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் பின்னோக்கி மூன்று மாதம்தான் தருவார்கள். முதல் பெருந்தொகை வேண்டுமானால் 12 மாதத்துக்குள், மாதத் தொகை வேண்டுமானால் 21 மாதத்துக்குள். நான் கிட்டத்தட்ட ஐந்து மாதம் கழித்துக் கேட்டதால் இரண்டு மாதத் தொகை போய்விட்டது. 700 பவுண்டு. மகளின் பள்ளிப் பயணத்துக்கு அந்த வருடம் இல்லை என்று சொன்னேன், அதற்குக் கேட்டது 400.

விண்ணப்பித்து ஆறாவது வாரத்தில் பணம் வங்கியில் விழுந்தது. செத்தவீட்டுக்குச் சீட்டெடுத்துக் கட்டிய கடனில் பாதியை அன்றே அடைத்தேன். வருமான வரி இதற்கு இல்லை. வேலைக்குப் போகலாம், நான் சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேரம் போய்க்கொண்டுதான் இருந்தேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட்டில் மாதத் தொகையை வருமானமாகக் கழிக்க மாட்டார்கள், முதல் தொகையை 12 மாதத்துக்குச் சேமிப்பாக எண்ணவும் மாட்டார்கள். பின்னால் இன்னொரு வாழ்க்கை அமைந்தாலும் இந்தத் தொகை நிற்காது. பழைய விதவை உதவித்தொகைகளில் அப்படி இல்லை, மறுமணம் செய்தால் நிறுத்திவிடுவார்கள். இளம் வயதில் தனித்துப்போன பெண்கள் சிலர் ஊர்வாய்க்கும் இதற்கும் சேர்த்துப் பயந்து கிடக்கிறார்கள். இதற்காகவாவது பயப்படாதீர்கள்.

ஆனால் 18 மாதம் என்பது மிகக் குறைவு. முன்பிருந்த உதவித்தொகை பிள்ளைகள் வளரும்வரை வந்தது. 2017இல் வைத்த 350 பவுண்டு நான் வாங்கி முடிக்கும்வரை அப்படியே இருந்தது, அரிசி விலையும் வாடகையும் அப்படியே இருக்கவில்லை. தகப்பன் போகும்போது மகனுக்கு ஒன்பது வயது. கடைசித் தொகை வந்தபோது பத்து.

விசாவில் ‘பொது நிதி கிடையாது’, அதாவது அரசு உதவி எடுக்கக் கூடாது, என்று போட்டிருப்பவர்கள் இதைக் கேட்கப் பயப்படுகிறார்கள். இது நாஷனல் இன்சூரன்ஸ் கட்டியதற்குப் பதிலாக வரும் உரித்து. குடிவரவு விதிகள் சொல்லும் பொது நிதிப் பட்டியலில் இது இல்லை. அதனால் கேட்கலாம். ஈமச்சடங்குச் செலவுக்கு அரசு தரும் உதவி அப்படி அல்ல, அது பொது நிதிதான். அதை யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவி பெறுபவர்கள்தான் கேட்க முடியும், சடங்கு முடிந்து ஆறு மாதத்துக்குள். இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டையுமே விட்டவர்கள் உண்டு.

மறுத்துக் கடிதம் வந்தால் அதோடு விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

உதவித்தொகைச் சட்டம் மாறினாலும் சொத்துச் சட்டம் மாறவில்லை. உயில் இல்லாமல் இறந்தால், இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவு செய்யாத துணைக்கு எதுவும் தானாக வராது. பிள்ளைகளுக்குப் போகும், அவர்களுக்குப் பதினெட்டு வயதாகும்வரை பொறுப்பாளர்கள் வைத்திருப்பார்கள். இரண்டு வருடமாவது ஒன்றாக வாழ்ந்த துணை நீதிமன்றத்தில் பங்கு கேட்கலாம், அதற்கு வழக்கும் வக்கீலும் வேண்டும். வேலையிட ஓய்வூதியத்தில் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதும் தாள் ஒன்று உண்டு. கிடங்கு வேலையில் சேர்ந்த நாளில் அவர் என் பெயரை அதில் எழுதியிருந்தார். எனக்கு அதைச் சொன்னதே இல்லை.

நோயில் படுத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்ன ஒருவருக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, எந்த நேரத்திலும் பதிவுத் திருமணம் செய்து வைக்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கவுன்சில் பதிவகத்துக்கு உடனே போன் செய்து கேளுங்கள். அபசகுனம் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். எங்களுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. காலையில் வேனை எடுக்கப் போனவர் மாலையில் இல்லை.

போன ஆவணியில் என் அண்ணாவின் மகளுக்குக் கோயிலில் கல்யாணம் பேசினார்கள். மண்டபம், பூ, சாப்பாடு, வீடியோ எல்லாம் முடிவாகிவிட்டது. நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் எழுத்து எப்போது என்று கேட்டேன். “கோயிலிலை செய்யிறது காணும்தானே மாமி, பிறகு ஆறுதலா எழுதலாம்” என்று பின்னால் நின்ற மாப்பிள்ளைத் தம்பி சிரித்தான். சபையில் விதவை பேசக் கூடாது என்று யாராவது நினைத்திருக்கலாம். நான் கைப்பையைத் திறந்து அவருடைய மரணச் சான்றிதழை எடுத்து, என் பெயருக்கு நேரே உள்ள அந்த வரியை அவனுக்குக் காட்டினேன்.

திருமண அறிவிப்பு கொடுத்து 28 நாட்கள் காத்திருக்க வேண்டும், விசாவில் இருப்பவர்களுக்கு 70 நாட்கள் வரை ஆகலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பாஸ்போர்ட்டோடு பதிவகத்துக்குப் போனார்கள். அண்ணாவுக்கு வேலை, நான்தான் கூடப் போனேன்.